வரிசையில் நகராத லாரி

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிட்டது. "லாரிங்களுக்குத் திட்டம் போடுறோம்" என்றால் சிரிப்பார்கள். லாரிக்கு என்னம்மா திட்டம், அது பாட்டுக்குப் போகும், அது பாட்டுக்கு வரும் என்பார்கள். பஸ் ஒரு நாள் ஓடாவிட்டால் ஊரே கத்தும். ஆனால் கடையில் அரிசி எப்படி வந்தது, மருந்துக் கடையில் மாத்திரை எப்படி வந்தது, மாடிக்கு மேல் மாடி கட்டுகிறார்களே அந்த சிமென்ட் எந்த வழியாக வந்தது என்று ஒருத்தரும் யோசிப்பதில்லை. எல்லாம் அலமாரியில் தானாக முளைத்தது என்று நினைப்பு. எனக்குச் சுள்ளென்று வரும். ஆபீசில் எனக்கு மிளகாய் என்று பெயர் வைத்திருப்பது எனக்கும் தெரியும்.

எங்கள் நகரம் வளர்ந்த வேகத்துக்கு வரைபடம் போட்டு மாளவில்லை. போன வருடம் வெள்ளையாக விட்டிருந்த இடத்தில் இந்த வருடம் அடுக்குமாடி நிற்கும். அத்தனை வீட்டுக்கும் கதவு, ஜன்னல், ஃப்ரிட்ஜ், கட்டில், தண்ணீர் டேங்க் எல்லாம் லாரியில்தான் வர வேண்டும். ஆனால் பகலில் லாரி உள்ளே வரக் கூடாது. நெரிசல். அதனால் இரவில் நகர எல்லை வாசலைத் திறக்கும்வரை வெளிவட்டச் சாலையின் ஓரமாக லாரிகள் வரிசையில் கிடக்கும். நிழல் கிடையாது, கழிப்பறை கிடையாது. ஒரு இரவு தவறவிட்டால் மறு இரவுவரை காத்திருக்க வேண்டும். எங்கே நிறுத்துமிடம் கட்டலாம், எந்தச் சாலையை லாரிக்கென்று ஒதுக்கலாம், எந்த நேரம் திறக்கலாம் என்று திட்டம் போடுவதுதான் எங்கள் பிரிவின் வேலை.

அதற்கு முதலில் கணக்கெடுப்பு. அது என் பொறுப்பு. அதற்கென்று வேலைக்கு எடுத்த பிள்ளைகள் கையில் டேப்லெட்டோடு வரிசையில் நிற்கும் ஒவ்வொரு வண்டியிடமும் போய்க் கேட்பார்கள். எங்கிருந்து வர்றீங்க, எங்க போறீங்க, என்ன சரக்கு, எவ்வளவு நேரமா நிக்கிறீங்க. கடைசியாக, எப்போ தூங்கினீங்க, எப்போ சாப்பிட்டீங்க என்று இரண்டு கேள்வி. முதலில் முறைக்கும் டிரைவர்கள்கூட அந்த இரண்டு கேள்விக்கு வந்ததும் குழைந்துவிடுவார்கள். "இத எங்க வீட்லகூட யாரும் கேட்டதில்லம்மா" என்று ஒருத்தர் சொன்னாராம். அதன் பிறகு அந்தப் பிள்ளையை அரை மணி நேரம் விடவில்லையாம்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி என் அக்கா மகள். படிப்பு முடித்துவிட்டு வேலை தேடி வந்து என் வீட்டில்தான் தங்கியிருந்தாள். குட்டி என்றுதான் கூப்பிடுவேன். சித்தி சிபாரிசில் உள்ளே நுழைந்துவிட்டாள் என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாதென்று மற்றவர்களைவிட அவளை இரண்டு மடங்கு திட்டுவேன். பாவம், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

வரிசையில் நின்ற ஒரு டிரைவர் இறந்துபோன செய்தி கணக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே வந்தது. இரவு வாசல் மூடிய பிறகு வந்து சேர்ந்திருக்கிறார். கிளீனர் இல்லாத வண்டி. இப்போதெல்லாம் முதலாளிகள் கிளீனர் வைப்பதில்லை. வரிசையில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படுத்திருக்கிறார். மறு இரவு வாசல் திறந்தபோது அவர் வண்டி நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹார்ன் அடித்திருக்கிறார்கள், நல்லா தூங்குறான் பாரு என்று திட்டியிருக்கிறார்கள், சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். அடுத்த நாள் காலையில்தான் டீ விற்கிறவர் ஏறிப் பார்த்திருக்கிறார். மாரடைப்பு. மூடிய கேபின், முழு நாள் வெயில். எந்த நேரத்தில் உயிர் போனது என்று திட்டமாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

எங்கள் ஆபீசில் ஒரு புத்திசாலி, திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் அந்த லாரியின் படத்தைப் போடலாம், சீக்கிரம் ஒப்புதல் கிடைக்கும் என்றான். போட்டுப் பார், உன் கையை முறிக்கிறேன் என்றேன். போடவில்லை.

அதே வாரத்தில் குட்டி சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். தட்டில் கோலம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எவனோ ஒருத்தன் மனசைக் கலைத்துவிட்டான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். "யாருடி அது, சொல்லித் தொலை, உங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று கிண்டல் செய்தேன். "ஒண்ணுமில்ல சித்தி" என்று எழுந்து போய்விட்டாள். நானும் விட்டுவிட்டேன்.

பத்து நாள் போயிருக்கும். ஒரு பெண் எங்கள் ஆபீசைத் தேடிக்கொண்டு வந்தாள். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். கையில் செருப்பைக் கழற்றி வைத்துக்கொண்டு கதவருகே நின்றாள். இங்கே செருப்போடே வரலாம் என்று சொன்ன பிறகும் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் அதிகாரியின் அறையில் நானும் இருந்தேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சமாதானம். அவர் முன்னால் யாரும் அழக் கூடாது. கோபப்பட்டாலும் தாங்க மாட்டார், உடனே எதையாவது சொல்லிச் சரிக்கட்டி அனுப்பிவிடுவார். நல்ல மனுஷன். அந்த நல்லதனத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பயம்.

"நீலத் தண்ணி டேங்க் லோடு வண்டி சார்" என்றாள். "வெளிரோட்ல இறந்துபோனாரே, அவரோட சம்சாரம்."

சமாதானம் எழுந்தே நின்றுவிட்டார். உட்காரவைத்தார், தண்ணீர் கொடுத்தார். இழப்பீடு விஷயமாக வந்திருப்பாள் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

"பணத்துக்கு வரல சார். அது அவர் முதலாளி பாக்கறேன்னு சொல்லிருக்கார். அன்னிக்கு காலைல உங்க ஆளுங்க வரிசைல இருந்த எல்லா டிரைவர்கிட்டயும் பேசினாங்களாமே. கூட நின்ன டிரைவர் ஒருத்தர் சொன்னார். சாப்டீங்களா தூங்குனீங்களான்னெல்லாம் கேட்டாங்கன்னு. எங்க வீட்டுக்காரர்கிட்டயும் கேட்டிருப்பாங்க இல்ல? அவர் என்ன சொன்னார்?"



அவள் தலையைக் குனிந்தபடியே பேசினாள். "பொண்ணுக்கு ஸ்கூல்ல ஆண்டு விழா. மேடைல ஆடறா. வர்றேன் வர்றேன்னு சொல்லிட்டு, ராத்திரி போன் பண்ணி வாசல் மூடிட்டாங்க, நாளைக்கு ராத்திரிதான் உள்ள விடுவாங்கன்னார். எனக்கு ஆத்திரம். எப்பப் பாத்தாலும் வரிசை, எப்பப் பாத்தாலும் வாசல். அப்ப அங்கயே கிடன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன் சார். விடிஞ்சதும் மனசு கேக்கல. போன் பண்ணேன். எடுக்கல. பண்ணிக்கிட்டே இருந்தேன். மத்தியானம் வரைக்கும் எடுக்கல. கோவத்துல எடுக்கலையா, இல்ல எடுக்கறதுக்கு ஆளே இல்லையா? எனக்கு அது ஒண்ணு தெரியணும். டாக்டரைக் கேட்டேன், தெரியாதுன்னுட்டார். அன்னிக்குக் காலைல அவரைப் பாத்தவங்க நீங்க மட்டுந்தான்."

இருங்கம்மா, விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சமாதானம் வண்டி எண்ணைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டார். திரையை அவர் பார்த்தார். நான் இருந்த இடத்திலிருந்து தெரியவில்லை. அவர் முகம் ஒரு நொடி மாறியது. பிறகு திரையைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பிக்கொண்டார்.

"பேசினாரும்மா" என்றார். "நல்லாப் பேசினார். எங்க பொண்ணு ஒருத்திதான் கேட்டா. கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. வீட்டுக்குப் போகணும், பொண்ணு ஆடறதப் பாக்கணும்னு சொல்லிருக்கார்."

எங்கள் கேள்விகளில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது.

அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அதைப் பார்த்த சமாதானத்துக்கு ஊக்கம் வந்துவிட்டது. "நல்லாத் தூங்கினேன்னாராம். காலைல டீ குடிச்சாராம்."

"எத்தன மணி இருக்கும் சார்?"

"பத்து, பத்தரை."

"பத்தரைக்கா" என்றாள்.

முகத்தில் வந்த வெளிச்சம் அப்படியே வடிந்துபோனதை நான் பார்த்தேன். பத்தரைக்கு உயிரோடு இருந்திருக்கிறார். டீ குடித்திருக்கிறார். யாரோ ஒரு பெண்ணிடம் நின்று பேசியிருக்கிறார். பக்கத்தில் போன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது, பெயரைப் பார்த்துவிட்டு எடுக்காமல் விட்டிருக்கிறார். அவள் கணக்குப் போட்டு முடித்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. சமாதானத்துக்கு மட்டும் புரியவில்லை. அவர் இன்னும் சிரித்த முகமாகவே இருந்தார்.

"அப்ப பாத்துட்டுதான் எடுக்கல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு எழுந்தாள். எங்களைக் கும்பிட்டுவிட்டு, செருப்பைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கதவு சாத்தியதும் நான் பிடித்துக்கொண்டேன். "சார், உங்களுக்கு மண்டைல ஏதாவது இருக்கா? அந்தம்மா என்ன கேட்டுச்சு, நீங்க என்ன சொன்னீங்க?"

"பின்ன என்னம்மா சொல்லச் சொல்றே? இதைப் பாரு" என்று திரையைத் திருப்பினார். அந்த வண்டி எண்ணுக்கு எதிரே எல்லாக் கேள்வியும் காலி. கடைசிக் கட்டத்தில் மட்டும் 'பதில் சொல்ல மறுத்தார்' என்று இருந்தது. "உன் புருஷன் உயிரோடதான் இருந்தான், யார்கிட்டயும் பேசமாட்டேன்னு துரத்திவிட்டான்னு சொல்லவா? கோவத்துலயே செத்தான்னு ஆயிடாதா? அதான் நாலு நல்ல வார்த்தை சொன்னேன்."

கணக்கெடுத்தவர் என்ற இடத்தில் குட்டியின் எண் இருந்தது.

அன்று சாயங்காலம் அவளைச் சமையலறையில் பிடித்தேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நீல டேங்க் வண்டி என்று நான் சொல்லி முடிக்கவில்லை, கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அந்த டிரைவர் உன்கிட்ட என்ன சொன்னார்? போன்னு சொன்னாரா?"

"ஒண்ணுமே சொல்லல சித்தி."

"மறுத்தார்னு போட்டிருக்கே?"

"வேற எதைப் போடறது? பதில் சொன்னார், மறுத்தார், வண்டியில ஆள் இல்லை. மூணு கட்டந்தானே இருக்கு. ஆள் உள்ள இருந்தார். ஆனா எழுந்துக்கல." அழ ஆரம்பித்துவிட்டாள். "படியேறி கண்ணாடியத் தட்டினேன். கையை முகத்து மேல வெச்சுட்டுப் படுத்திருந்தார். போன் ஸ்டியரிங்குக்கு முன்னாடி தகரத்து மேல கிடந்து அதிர்ந்துக்கிட்டே இருந்துச்சு, டர்டர்னு. நிக்குது, உடனே மறுபடி அதிருது. நான் இன்னும் பலமாத் தட்டினேன். போனும் அடிக்குது, நானும் தட்டறேன், அந்த மனுஷன் அசையல. அசதி போலன்னு இறங்கிட்டேன். அப்பவே உயிர் இல்ல சித்தி. அந்தச் சத்தத்துல எந்தத் தூக்கமும் நிக்காது. கதவத் தெறந்திருக்கணும். எனக்குத் தோணல."

அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். எவனோ என்று நான் கிண்டல் செய்த நாளெல்லாம் இதைத்தான் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். கட்டங்களை வைத்தது நாங்கள். தூங்குகிறவர், எழுந்திருக்காதவர், இறந்து கிடக்கிறவர், யாருக்கும் நாங்கள் இடம் வைக்கவில்லை. வண்டிக்குள் ஒருவர் இருந்தால் அவர் பேசுவார், இல்லையென்றால் மறுப்பார். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஆனால் ஒரு பக்கம் என் மனசு துள்ளியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் கேட்டதற்கு உண்மையிலேயே பதில் இருக்கிறது. அவர் கோபத்தில் போனை எடுக்காமல் இல்லை. அவள் கூப்பிட்டபோது அவர் உயிரோடு இல்லை. இதைவிட நல்ல சேதி அவளுக்கு வேறென்ன இருக்கிறது? நாளைக்கே போகிறோம் என்றேன்.

லாரி முதலாளியிடம் விலாசம் வாங்கிக்கொண்டு போனோம். பஞ்சர் கடைக்கு மேல் ஒரு மாடி. இரண்டே அறை. ஏணி மாதிரி செங்குத்தான படிக்கட்டு. கீழே டயர் தட்டும் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. கொடியில் அவருடைய சட்டைகள் துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தன. சின்னப் பெண் ஒருத்தி தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து அம்மாவின் பின்னால் போய் ஒளிந்தாள்.

நான் சுற்றி வளைக்கவில்லை. எனக்கு அது வராது. "நேத்து எங்க சார் சொன்னது பொய்ம்மா" என்றேன். "உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்லிட்டார். உங்க வீட்டுக்காரர் யார்கிட்டயும் பேசல. இவதான் அன்னிக்கு அவர் வண்டிக்குப் போனவ. என் அக்கா பொண்ணு. இவளே சொல்லட்டும்."

குட்டி சொன்னாள். படியேறியது, தட்டியது, முகத்தின்மேல் இருந்த கை, தகரத்தில் அதிர்ந்த போன் எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னாள். அந்தப் பெண் குறுக்கே பேசாமல் கேட்டாள். குட்டி சொல்லி முடித்ததும் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அழாதம்மா" என்றாள். "எனக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கே."

"உங்களுக்காகச் சொல்லலக்கா. நடந்ததச் சொல்றேன். போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அவர் எடுக்காம விடல. அவரால முடியல."

"நான்தானே நேத்து உங்க ஆபீஸ்ல சொன்னேன், போன் பண்ணிக்கிட்டே இருந்தேன்னு. அதத்தான் நீயும் சொல்றே."

குட்டி என்னைப் பார்த்தாள்.

"ஆபீஸ்ல உக்காந்திருக்கற அவ்வளவு பெரிய மனுஷன், கம்ப்யூட்டரப் பாத்துச் சொன்னார்" என்றாள் அந்தப் பெண் பொறுமையாக. எங்களுக்குப் புரியவைக்கிறவள் மாதிரிதான் பேசினாள். "பத்தரை மணின்னு நேரத்தோட சொன்னார். டீ குடிச்சார்னார். நான் எந்திரிச்சு வரும்போது இந்தக்கா என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. எனக்குத் தெரியும், பாவமா இருந்திருக்கும். அதான் வந்திருக்கீங்க. நல்ல மனசு உங்களுக்கு."

"அம்மா, நான் பொய் சொல்ற ஜென்மம் இல்ல" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. "ஆபீஸ்ல யாரை வேணும்னாலும் கேளுங்க. அந்தக் கம்ப்யூட்டர்ல அவர் பேசினதா ஒரு எழுத்து கிடையாது. வாங்க, இப்பவே காட்டறேன். மறுத்தார்னுதான் இருக்கு."

சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"மறுத்தாரா?" என்றாள்.

"அப்படின்னா மறுத்தார்னு அர்த்தமில்ல." அவசரமாகச் சொன்னேன். "எழுந்திருக்காதவங்களுக்கு வேற கட்டம் இல்ல. அதனால இவ அதைப் போட்டா."

எவ்வளவு விளக்கினாலும் என் வாயிலிருந்து வந்தது எனக்கே நம்பும்படி இல்லை. நேற்று பேசினார், இன்று பேசவில்லை, கம்ப்யூட்டரில் மறுத்தார், மறுத்தார் என்றால் மறுக்கவில்லை. மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்லிவிட்டு எதை நம்பச் சொல்கிறோம்? சமாதானத்தை அந்த நிமிடம் கையில் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

கீழே டயர் தட்டும் சத்தம் நின்றது. அந்தப் பெண் தன் மகளை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள். அந்தக் குழந்தையின் தலையைத் தடவினாள்.

"இருக்கட்டும்க்கா" என்றாள். "என்மேல கோவம் இருந்திருக்கும். இருக்காதா? நான் சொன்னது அப்படி. என்கிட்ட பேசலன்னாலும் கணக்கெடுக்க வந்த இந்தப் பொண்ணுகிட்டயாவது பேசினாரே. அதையும் நீங்க இல்லன்னுட்டா எனக்கு என்ன இருக்கு?"

வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் குட்டியின் பக்கம் திரும்பினாள். "இவ அப்பா ஊர்ல இல்லாதப்ப யாராவது வந்தா, அப்பா என்ன சொன்னார்னு கேப்பா. நேத்துலருந்து கேட்டுக்கிட்டே இருக்கா. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா. நீ அவரைப் பாத்தவ. நீயே ஒரு தடவ சொல்லிடும்மா. அன்னிக்கு அப்பா உன்கிட்ட என்ன சொன்னார்?"

குழந்தை நிமிர்ந்து பார்த்தது.

குட்டி என்னைப் பார்த்தாள். சொல்லு என்று நான் சொல்லவில்லை. சொல்லாதே என்றும் சொல்லவில்லை. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தக் குழந்தையின் உயரத்துக்குத் தரையில் இறங்கி உட்கார்ந்தாள்.

"வீட்டுக்குப் போகணும்னு சொன்னார்" என்றாள். "நீ ஆடறதப் பாக்கணும்னு சொன்னார்."